ஈசான மூலையில் வைத்த கல்

மண்சரிவில், தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்தின் பாதி போனது. மீதிப் பாதியின் சுவர்கள் வெடித்து நின்றன. அதில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் என் தங்கச்சி இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். புருசன் இல்லை.

தோட்டத்துக்குக் கீழே பன்னிரண்டு வீடு கட்ட ஒரு திட்டம் வந்தது. நான் மேசன். அத்திவாரக் கல் கட்டுவது என் வேலை. கடைசி வீடு தங்கச்சிக்கு.

எந்த வீட்டுக்கும் ஈசான மூலையில்தான் முதல் கல். குழிக்குள் நவதானியமும் ஒரு சின்னச் செம்பும் வைத்து, நல்ல நேரத்துக்குள் கல்லை இறக்க வேண்டும். தங்கச்சிக்கு ஐயர் குறித்துக் கொடுத்தது காலை எட்டரைக்குள். முந்தின நாள் முழுக்க மழை. அந்த மூலை முன்பு மழைத்தண்ணீர்க் கான் ஓடின இடம். அலவாங்குக் கம்பியால் குத்தினேன். நிற்காமல் இறங்கியது. கட்டித் தரைக்கு இன்னும் இரண்டடி தோண்ட வேண்டும். மணி எட்டே கால் தாண்டிவிட்டது.

"அண்ணே, நேரம் போகுது," என்றாள் தங்கச்சி.

"மண்ணு இளகிக் கெடக்கு."

"இதை விட்டா அடுத்த மாசந்தானாம். அதுவரைக்கும் அந்தச் செவுரு நிக்குமா?"

தோண்டாமலே கல்லை வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சுவர் எழுப்புவதற்கு முன் அத்திவாரங்களைச் சோதிக்க ஒரு இன்ஜினியர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தலவாக்கலைப் பக்கம் சுரங்க வேலைக்கு வந்த லேசர் மெசினை ஒரு நாளைக்கு வாங்கி வந்திருந்தார். மூன்று காலில் நின்று, தலை மட்டும் மெதுவாகச் சுழன்றது.

"மலையில வேலை வாங்குற கண்டாக்கையா மாதிரியே சுத்திச் சுத்திப் பாக்குதே," என்றான் கல் தூக்குகிறவன்.

"இது ஏசாதுல்ல," என்றான் இன்னொருவன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

கம்பியூட்டரில் அத்திவாரங்கள் படமாக வந்தன. மட்டமாக இருக்கிற இடம் பச்சை, இறங்கின இடம் சிவப்பு என்று இன்ஜினியர் காட்டினார். பதினொரு வீடும் பச்சை. பன்னிரண்டாவதில் ஒரு மூலை சிவப்பு.

"ஒண்டரை அங்குலம் இறங்கியிருக்கு. இதை ஆர் கட்டினது?"

"நாந்தாங்க ஐயா."

மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாய் பிடித்துப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். மற்ற வீடுகளுக்கு வாரம் ஒரு தரம் பிடித்தேன். தங்கச்சி வீட்டுக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"கட்டி மண் வரைக்கும் தோண்டினீங்களோ?"

தங்கச்சி கொழுந்துக் கூடையோடு மேலே ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தோண்டினேன் என்றால் அன்றைக்கே கையெழுத்து வைத்தாலும் வைத்திருப்பார். மேலே சுவர் ஏறும். அதற்குள் அவள் பிள்ளைகளோடு படுப்பாள்.

"இல்லிங்க ஐயா. நேரம் பார்த்து வச்சிட்டேன்."

அவர் ஏசவில்லை. "இதை உடைக்கத்தான் வேணும்," என்றார்.

நான்தான் உடைத்தேன். மூன்று நாள். அடியில் சேற்றுக்குள் செம்பு சாய்ந்து கிடந்தது. நவதானியம் அழுகியிருந்தது. செம்பைக் கழுவித் தங்கச்சியிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"நாந்தானே அவசரப்படுத்தினேன்," என்றாள்.

"மேசன் நானு," என்றேன்.

மழை பிடித்துக்கொண்டது. தோண்டின குழியில் தண்ணீர் நின்றது. திட்டக்காரர்கள் பதினொரு வீட்டையும் முடித்துச் சாவி கொடுத்தார்கள். பன்னிரண்டாவதைப் பிறகு பார்க்கலாம் என்று போனார்கள்.

அடுத்த மழைக்கு அவள் காம்பராவின் பின்சுவர் விழுந்தது. பகல் நேரம். பிள்ளைகள் ஸ்கூலில் இருந்தார்கள். மழையால் மலையில் வேலை இல்லாமல் அவள் மட்டும் உள்ளே இருந்தாள். மண்ணைக் கையால் வாரித்தான் எடுத்தோம். உயிர் இருந்தது. நுவரெலியா ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் அந்த வீட்டுக்கு மறுபடியும் உத்தரவு வந்தது. தங்கச்சி ஊன்றுகட்டையோடு வந்து குழி ஓரத்தில் உட்கார்ந்தாள். ஐயரிடம் நேரம் கேட்டு வரவா என்றேன்.

"நேரம் கெடக்கட்டும்ணே. நீ தோண்டு."

தோண்டினேன். இரண்டடியில் அலவாங்கு கட்டித் தரையில் பட்டுச் சத்தம் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். இன்னும் ஓர் அடி தோண்டிவிட்டுத்தான் கல்லை வைத்தேன்.