இரவல் பொம்மைகள்

திருநெல்வேலியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். போன அரைப்பரீட்சை விடுமுறையில், காயல்பட்டினத்திலிருந்து ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் உம்மாவோடு எங்கள் வார்டுக்கு வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் டெங்குக் காய்ச்சலோடு எங்களிடம் ஒன்பது நாள் கிடந்தவள். ஊசியைக் கண்டால் கட்டிடமே அதிரக் கத்துவாள்; எப்படி மறப்பேன்? இரண்டு கைகளிலும் பெரிய பைகள். வாப்பா துபாயிலிருந்து வாங்கி வந்த பொம்மைகளும், தெருப் பிள்ளைகளிடம் கேட்டுச் சேர்த்தவையும்.

"இங்கன படுத்துக் கெடந்தப்ப, ஓடுற ஃபேனையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன் சிஸ்டர். அதான் கொண்டாந்தேன்" என்றாள்.

பஞ்சு அடைத்த பொம்மைகள் வார்டுக்குள் கூடாது, ஒரு பிள்ளையின் கிருமி இன்னொரு பிள்ளைக்கு ஒட்டிவிடும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவள் முகம் வாடிவிட்டது. பையில் மேலே கிடந்த கரடிப் பொம்மையை எடுத்தாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அப்ப இத நானே வச்சுக்கிடுதேன்."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு அவள் உம்மாவே சிரித்துவிட்டார். மீதி பிளாஸ்டிக் சாமான்களை நானும் அவளும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தோம். கட்டில் கட்டிலாகக் கொடுத்துக்கொண்டே போனாள்.

ஜன்னலோரக் கட்டிலில் உடன்குடியைச் சேர்ந்த ஆறு வயதுப் பெண் குழந்தை. படியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டிப் படுத்திருந்தாள். வந்த நான்கு நாளாக எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. காயல்பட்டினத்துப் பெண் ஒரு பை நிறையச் சொப்புச் சாமான்களை நீட்டியதும் அந்தக் குழந்தையின் கை ஆசையாக முன்னே வந்தது. பிறகு அம்மாவைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கியது.

"வேண்டாம் தாயி. யாருட்டயும் ஓசியா வாங்கி எங்களுக்குப் பழக்கம் இல்ல" என்றார் அந்த அம்மா.

நான் சமாதானம் சொல்ல வாயெடுப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள். "ஓசியா யாரு குடுக்கா? இரவல்தான் அக்கா. கால் சரியாயி வீட்டுக்குப் போவும்போது, அடுத்த பிள்ளைக்குக் குடுத்துட்டுப் போவட்டும்."

அந்த அம்மா மகளின் முகத்தைப் பார்த்தார். "இரவல்னா சரி."

குழந்தை பையைக் கொட்டிப் பார்த்தாள். "ஏக்கா, அடுப்ப எங்கன?" என்றாள். எங்கள் வார்டில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். சாமான்களைக் கழுவிய தொட்டியிலேயே அடுப்பை விட்டுவிட்டிருந்தோம். ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

அதிலிருந்து எல்லாப் பொம்மையும் இரவல் என்றாகிவிட்டது. காயல்பட்டினத்துப் பெண்ணும் சில சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினாள். ஒரு பயல் பொம்மைக் கார் ஒன்றைச் சட்டைக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான் என்று அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"போவட்டும் சிஸ்டர். சிரிச்சுக்கிட்டுதானே போயிருப்பான்!"

ஒரு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டு, இடுப்புவரை மாவுக்கட்டோடு உடன்குடிக் குழந்தை வீட்டுக்குக் கிளம்பினாள். அன்று காலை முழுக்கச் சொப்புச் சாமான்களை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்து, பக்கத்துக் கட்டிலில் அழுதுகொண்டிருந்த மூன்று வயதுக்காரியைத் தேர்ந்தெடுத்தாள். "ஒடைக்காம, பைய வெளையாடணும், என்ன?" என்று கண்டிப்பு வேறு. அப்பா தோளில் தூக்கிக்கொண்டார். அம்மா மட்டும் திரும்பி வந்து என் கையைப் பிடித்தார். "அந்தப் பிள்ள வந்தா, சொன்னபடி குடுத்துட்டுப் போயிட்டோம்னு சொல்லுங்க."

அடுத்த சனிக்கிழமை காயல்பட்டினத்துப் பெண் வந்ததும் சொன்னேன். அவள் நேரே அந்த மூன்று வயதுக்காரியின் கட்டிலருகே போய் நின்று, "எனக்குப் பசிக்கி. என்ன சமைச்சிருக்கே?" என்றாள்.