வாபஸ் வாங்காத வழக்கு

உள்ளறையில் ஸ்பேனர் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அடுப்படியில் நின்றிருந்த இளவரசி திரும்பிப் பார்க்கவில்லை. மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தான் குமரவேல். கோர்ட்டுப் பட்டியலில் அவன் பங்குக்கு வந்தவை ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, தண்ணீர் மோட்டார். பத்தொன்பது வருடக் குடித்தனம் ஒரு டெம்போவில் அடங்கிவிட்டது.

விவாகரத்து ஆகி இருபது நாள். இத்தனை காலம் 'மாமா' என்று கூப்பிட்டவனை இனி என்னவென்று கூப்பிடுவது? "பாத்து, அங்க ஈரமா கீது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

இளவரசிக்கு நாற்பத்து மூன்று வயது. பிள்ளை இல்லை. வில்லியனூரைத் தாண்டி, கரும்புக் கொல்லையை ஒட்டிய இந்த இரண்டறை வீட்டிலிருந்து தினமும் காலை ஆறு மணி வேனில், திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனிக்கு சோப்பு அடுக்கப் போகிறாள். மனை அவள் அப்பா அய்யனார் எழுதிக் கொடுத்தது. வீடு கட்டியவன் குமரவேல். கொத்தனார் அவன். பகலெல்லாம் ஊரார் சுவரைப் பூசிவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு தன் வீட்டுக்குச் செங்கல் வைத்தான்.

சண்டை முற்றியபோது அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரே பயம்: வீட்டில் பாதி கேட்பான். அண்ணன் தங்கவேல்தான் வழி சொன்னான்.

"எம்பேர்ல எழுதி வெய்யி. கேஸ் முடிஞ்சதும் திருப்பி எழுதிக் குடுத்துடறேன். கூடப்பொறந்தவன் தின்னுடுவனா?"

வருடம் தவறாமல் பொங்கல் வரிசைத் தட்டோடு வாசலில் வந்து நிற்கிற அண்ணன். அவனிடம் ஒரு வரி எழுதி வாங்க அவளுக்குக் கூச்சம். சந்தேகப்பட்டாள் என்று நாளைக்கு வரிசை நின்றுவிட்டால், பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள என்ன மிச்சம்? பேசாமல் கையெழுத்துப் போட்டாள்.

குமரவேல் சும்மா இருக்கவில்லை. என் உழைப்பும் இதில் இருக்கிறது என்று அண்ணன் தங்கை இருவர் மேலும் தனி வழக்குப் போட்டான். வீட்டை விற்கக் கூடாதென்று தடை வாங்கினான். நாலு வருடமாகத் தெருவே கேட்க அவனை வீட்டுத் திருடன் என்று திட்டினாள் இளவரசி.

இந்த வருடம் பொங்கலுக்கு வரிசை வரவில்லை. போன வாரம் அண்ணன் வந்தான், மனை பார்க்க ஓர் ஆளோடு. அந்த ஆள் செருப்புக் காலோடு அடுப்படிவரை அளந்தான்.

"தடை ஒடையட்டும், மறுநாளே கிரயம். நீ எங்க வூட்டு மாடியில ஒரு ஓரமா இருந்துக்க" என்றான் அண்ணன்.

ஓரமாம். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

குமரவேல் கை கழுவிவிட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் முன் வைத்தான்.

"இன்னா இது?"

"வாபஸ் மனு. வூட்டு கேஸ விட்டுடறேன். நீயும் ஒரு கையெழுத்து போடு."

"யாரு சொன்னா விடச் சொல்லி?"

"யாரும் சொல்லல. தீர்ப்பு அன்னிக்கு கோர்ட்டு வாசல்ல ஒண்டியா நின்னுகினு இருந்த. ஒங்கண்ணன் கூட வரல. ஒன் வூட்டுல நிம்மதியா இரு, போ."

நாலு வருடமாக எதற்கு மல்லுக்கு நின்றாளோ, அது கேட்காமலே கைக்கு வந்தது. பேனாவை எடுத்தாள். இந்தக் கையெழுத்தோடு தடை போகும். தடையோடு வீடும் போகும். சொன்னால் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

"வாபஸ் வாங்காத."

"இன்னாது?"

"கேஸ நடத்து."

"பைத்தியமா புள்ள ஒனக்கு? நாலு வருசமா மண்ண வாரித் தூத்தினியே."

தலை நிமிராமல் சொன்னாள். அண்ணனை, எழுதி வாங்காத வார்த்தையை, மனை அளந்த ஆளை, மாடி ஓரத்தை. கேட்டவன் சிரிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்கிட்டேருந்து காப்பாத்ததான் அவங்கிட்ட குடுத்தியா?"

"ஆமா."

"ஒரு செங்கல்ல கூட கை வெச்சிருக்க மாட்டேன்டி."

அந்த 'டி' தானாக வந்து விழுந்தது. இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

பிறகு அவன் காகிதத்தை நாலாகக் கிழித்தான்.

"சரி. வாய்தாவுக்கு வாய்தா வந்து நிக்கறேன். நீ வேற வக்கீலப் புடிச்சி, ஒங்கண்ணன் மேல கேஸப் போடு. அதுவரைக்கும் அவன் எதிர்ல என்ன நல்லா திட்டு. சந்தேகம் வரக் கூடாது."

"அத எனக்கு சொல்லிக் குடுக்கணுமா?"

அவன் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது.

"எத்தினி வருசம் இழுக்கும்?" என்று கேட்டாள்.

"இழுக்கற வரைக்கும் வூடு ஒன்னுது."

"டீ போடறேன், இரு."

"வேணாம். டெம்போக்காரன் கத்துவான்."

மின்விசிறியைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கிப் போனான். டெம்போ கரும்புக் கொல்லையைத் தாண்டி மறையும்வரை அவள் வாசலில் நின்றாள். அடுத்த வாய்தா ஆடிப்பெருக்கு கழிந்துதான். அதுவரை இந்தப் படியேற அவனுக்கு ஒரு காரணமில்லை.

உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.