எண்ணிக்கையில் மட்டும்

“உங்க வீட்ல யாரும்மா சட்டம் படிச்சிருக்காங்க? இந்த வரியோட கனம் உனக்குப் புரியுமா?” என்று என் சீனியர் வக்கீல் கேட்டபோது, அவர் கார் காவிரிப் பாலத்து நெரிசலில் நின்றிருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி நீதிமன்றம் போகும்வரை ஏதாவது சொல்லிக்கொண்டே வருவார். அன்று அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஒரு வரி. அங்கே ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணித்தான் மாநிலங்களுக்கு மக்களவை இடங்களைப் பிரித்தார்களாம்.

“முழு ஆளா எண்ணாதது அநியாயம் சார்.”

சிரித்தார். “முழுசா எண்ணுன்னு கேட்டதே எஜமானுங்கதான். அடிமைக்கு ஓட்டு கிடையாது. ஆனா தலை கூடினா எஜமானோட மாநிலத்துக்கு இடம் கூடும். எதிர்த்தரப்பு எண்ணவே கூடாதுன்னுச்சு. நடுவுல ஒரு சமரசம். அது இல்லேன்னா அந்த நாடே இல்ல.”

அந்தச் சமரசம் பேசிய அறையில் அந்த ஐவரில் ஒருவராவது இருந்தாரா? நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஆனால் ‘சமரசம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் அறையில் யார் இல்லை என்று தேடும் பழக்கம் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல.

அம்மா ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். போன மாதம் அங்கே புதிய சங்கம் தொடங்கினார்கள். “எங்களையும் சேத்துக்கிட்டாங்கடி, நாங்களும் இனி கணக்குல இருக்கோம்” என்று அல்வாவோடு வந்தாள். எந்தக் கணக்கில் என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த சங்க விதிகளைப் போனில் படம் எடுத்துவரச் சொன்னேன். நிர்வாகத்திடம் காட்டும் உறுப்பினர் பலத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் உண்டு. சங்கத் தேர்தலில் வாக்கு நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும். விதிகளை எழுதிக் கொடுத்தவர் என்று அடியில் இருந்தது என் சீனியரின் பெயர்.

“இது அந்த அமெரிக்கச் சமரசம்தானே சார்?”

“ஓட்டு குடுத்தா பர்மனென்ட் ஆளுங்க வெளிய போயிடுவாங்கம்மா. முதல்ல சங்கம் நிக்கட்டும்.” அவர் குரலில் கள்ளம் இல்லை. அது தவறென்றே அவருக்குத் தோன்றவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

வீட்டில் சொன்னேன். அம்மா, “பட்டியில ஆட்டை எண்ணுற மாதிரியாடி எண்ணியிருக்காங்க?” என்றாள்.

நேற்று அதே பாலத்தை டவுன் பஸ்ஸில் கடந்துபோய், வேலையை விடுவதாகச் சொல்லி சீனியரிடம் அலுவலகச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அங்கிருந்து நேராகத் தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். வாக்குத் தரும்வரை தங்களை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்று சங்கத்துக்கு நான் எழுதிய மனுவில், ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து அம்மாவுடையது.