பஸ்ஸில் ஒரு காலி இருக்கை

ஓய்வுபெற்ற தபால்காரர் வெய்யோ, பின்லாந்தின் யோயென்சூ நகர மனித உரிமைக் குழுவில் பதினோரு வருடத் தொண்டர். கொட்டும் பனியில் பதாகை பிடித்தவர். சமத்துவத்தில் தனக்குத் தெரியாதது இல்லை என்று நினைப்பு வேறு. நூலகத்தில் அவர் வைத்த புகார்ப் பெட்டியில் அன்று ஒரே ஒரு சீட்டு, பெயரில்லாமல்: ‘வெளிநாட்டிலிருந்து வந்த எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் யாருமே உட்காருவதில்லை.’

வெய்யோவுக்குத் தலை சுற்றியது. பின்லாந்தில் யார் பக்கத்தில்தான் யார் உட்காருகிறார்கள்? முப்பது வருடப் பஸ் பயணத்தில் அவர் தோளையும் ஒருவரும் உரசியதில்லை. அதை மரியாதை என்றல்லவா நினைத்திருந்தார்! அப்படியானால் மரியாதை எது, ஒதுக்குவது எது? சனியன், ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் பாதி காலியான பஸ்ஸில், சோமாலியாவிலிருந்து வந்த செவிலி ஹோதன் தனியாக உட்கார்ந்திருந்தார். வெய்யோ மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

ஹோதன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். “ஏங்க, இத்தனை சீட்டு காலியாக் கெடக்கே, கண்ணு தெரியலையா?”

“இல்லம்மா... தனியா இருக்கீங்களேன்னு...”

“ஒன்பது வருஷமா இங்க இருக்கேன். நானும் இந்த ஊர்க்காரிதான். தள்ளிப் போய் உக்காருங்க!”