எங்கள் இருவரின் எடை

நானும் மனைவியும் தஞ்சோங் பூங்கா ஊர்க் கடலில் கேட்டமரான் பந்தயத்தில் கலந்துகொள்ளத் தொடங்கி எட்டு வருடமாகிறது. இரண்டு ஒல்லிப் படகுகளைச் சேர்த்துக் கட்டியதுபோல் இருக்கும் அந்தப் பாய்ப்படகு, காற்று அடித்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். இருவரும் அந்தப் பக்கமாக வெளியே சாய்ந்து, எங்கள் எடையால் அதை அமுக்கிவைக்க வேண்டும்.

போன வருடம் புற்றுநோய்ச் சிகிச்சையில் அவள் பதினான்கு கிலோ இளைத்துப்போனாள். மருத்துவர் சம்மதித்ததும், அடுத்து வந்த பந்தயத்துக்கே பெயர் கொடுத்துவிட்டாள். அன்று பார்த்துக் காற்று பலமாக வீசியது. படகு ஒரு பக்கம் எழும்பியபோதெல்லாம் நான் பயந்து பாயைத் தளர்த்தினேன். எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

“ஏங்க சும்மா சும்மா விடுறீங்க? நான் ஒண்ணும் ஒடைஞ்சு போயிட மாட்டேன் லா. இழுங்க!”

இழுத்தேன். படகு சீறிப் பாய்ந்தது. அவள் சத்தமாகச் சிரித்தாள். அடுத்த நிமிடம் படகு கவிழ்ந்து, இருவரும் தண்ணீரில் கிடந்தோம்.

கவிழ்ந்த படகை நிமிர்த்த, கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து தொங்க வேண்டும். முன்பெல்லாம் எங்கள் எடையே அதற்குப் போதும். அன்று எவ்வளவு நேரம் தொங்கியும் படகு அசையவில்லை. பந்தயத்துக்குக் காவலாக வந்த படகிலிருந்த மலாய்க்காரர் ஒருவர் குதித்து வந்து எங்களோடு தொங்கிய பிறகுதான் எழுந்தது.

கடைசியாகத்தான் கரை சேர்ந்தோம். நடுங்கிக்கொண்டிருந்தவளுக்குத் துண்டைப் போர்த்திவிட்டேன்.

“பசிக்குதுங்க,” என்றாள்.

சிகிச்சை தொடங்கியதிலிருந்து அந்தச் சொல்லை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. பக்கத்துக் கடையில் மூன்று ரொட்டி சானாய் சாப்பிட்டாள். நான் என் தேநீரைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.