இடது முன்சக்கரத்தின் முனகல்

எங்கள் பழைய காரின் முன்பக்கத்தில் ஒரு முனகல் கேட்க ஆரம்பித்தது. டயர் தேய்ந்துவிட்டது என்று நினைத்து இரண்டு புது டயர்கள் மாட்டினேன். முனகல் போகவில்லை.

கடலூரிலிருந்து சிதம்பரத்தில் உள்ள மச்சான் வீட்டுக்குப் போகும்போது என் மனைவி சொன்னாள்: "வலது பக்கம் வளைச்சா சத்தம் ஜாஸ்தியாவுது, இடது பக்கம் வளைச்சா கொறையுது. இடது சக்கரத்துலதாங்க கோளாறு." நான் சிரித்தேன்.

மறுநாள் நாங்கள் இருவரும் கடலூர் செம்மண்டலத்து மெக்கானிக்கிடம் போய் இடது சக்கரத்தைப் பார்க்கச் சொன்னோம். அவர் அதை ஜாக்கியில் தூக்கி ஆட்டினார். அது கடகடவென்று ஆடியது.

"சக்கரம் சுத்துற ஹப்பு பேரிங் போயிடுச்சு சார். எப்படி கண்டுபுடிச்சீங்க?"

நான் மனைவியைக் காட்டினேன்.

பழைய ஹப் துருப்பிடித்து இறுகியிருந்ததால் சம்மட்டியால் அடித்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது. அதற்குள் ஒரு டீச்சரம்மா, தன் காரிலும் ஏதோ சத்தம் என்று வந்து நின்றார். மெக்கானிக் தலை நிமிராமலே என் மனைவியிடம், "அக்கா, அவுங்க வண்டியையும் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்றார். கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் கேட்டார்.

டீச்சரம்மாவும் என் மனைவியும் அந்தக் காரில் மஞ்சக்குப்பம் மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார்கள். என் மனைவி இறங்கி நேராகப் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தாள். உள்ளே ஜாக்கி கழன்று கிடந்தது; வண்டி ஓடும்போது அதுதான் உருண்டு சத்தம் போட்டிருக்கிறது. டீச்சரம்மா சிரித்த சிரிப்பில் மெக்கானிக்கும் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

புது ஹப்போடு கார் சத்தமில்லாமல் ஓடியது. பல மாதங்களுக்குப் பிறகு குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். பேசியதெல்லாம் அவள்தான்.