காயாத நீலம்

முதல் பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்ததைப் பூச வேண்டும் என்பது விதி. அலுவலகத்தில் ஊருக்கெல்லாம் விதி ஓதி ஓய்வுபெற்ற நான், விரலளவு சோழ வீரன் பொம்மைக்கு நீர்த்த அக்ரிலிக் நீலம் பூசும்போது அவசரப்பட்டு அடிப்பூச்சைக் கலைத்துவிட்டேன்.

அந்தக் கலங்கிய நீலம், இப்போது தொழிற்சாலை நிற்கும் இடத்தில் அன்றிருந்த எங்கள் ஊர் வல்லம் வடகால் சிற்றாலயத்துக்கு, ஈர வைக்கோலும் மரத்தூளும் மணக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கு என்னை இழுத்துப்போனது. அங்கும் குழந்தை இயேசுவைக் காணவரும் ராஜா பொம்மையின் நீலம் காயாத அங்கியில் தூரிகை வைத்துக் கெடுத்தவன் நான்தான். "எவன்டா இத பண்ணது?" என்று உபதேசியார் கேட்டதும், வகுப்புத் தோழி ஸ்டெல்லாவைக் கைகாட்டினேன். அதன்பின் அவளைக் குடிலருகே யாரும் விடவில்லை.

போன மாதம்தான் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன்.

"அன்னிக்கே தெரியும்டா, உன் நகத்துல நீலம் இருந்துச்சு. நீயே சொல்லுவன்னு பாத்துகினே இருந்தேன்."

அவளுடைய இந்தப் பதில் வந்த நாள், குடில் திறக்கும் டிசம்பர் இருபத்துநான்கு.